யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை வழியோரத்தில் கண்டபோது சீடர்களின் நாவில் முதலில் எழுந்தது ஒரு விசாரணை. இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றோர் செய்த பாவமா என்று அவர்கள் ஆண்டவரிடம் கேட்டதை யோவான் தம் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி வருகிறது. மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றம் மிகுந்தவர்களா என்ற கேள்வியைத் தாமே எழுப்பி, இல்லை என்று தாமே விடை தருகிறார் ஆண்டவர். இவ்வளவு தெளிவான விடை கிடைத்த பின்னரும் அந்தக் கேள்வி நம் வீடுகளை விட்டு அகலவில்லை. கருவுற்ற பெண் ஒருத்தி குழந்தையை இழந்து வெறுங்கையோடு மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில், அது உறவினரின் பார்வையிலும், அண்டை வீட்டாரின் முணுமுணுப்பிலும், சில வேளைகளில் அவளது மனச்சான்றிலும் மீண்டும் எழுகிறது.

அத்தகைய இழப்புகளுள் ஒன்றைப் பற்றியே இங்கே சிந்திக்க விழைகிறேன். மருத்துவர்கள் அதை எக்டோபிக் கருத்தரிப்பு என்பர். நம் தாய்மார் ‘டியூப்பில் கர்ப்பம்’ என்று சொல்வார்கள். சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டை கருக்குழாயில் விந்தணுவோடு இணைந்து கருவாகிறது. அக்கரு சில நாள்கள் குழாயின் உள்ளேயே பயணம் செய்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையின் சுவரில் பதிகிறது. குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகளும் தசையின் மெல்லிய அசைவுமே அதைச் சுமந்து செல்கின்றன. அந்த வழியில் தழும்போ அடைப்போ இருந்தால், கரு சேர வேண்டிய இடத்தைச் சேராமல் நடுவழியில் தங்கிவிடுகிறது. இடம் தவறிய கருக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கருக்குழாயில் தங்குபவையே. சினைப்பை, கருப்பையின் வாய்ப்பகுதி, முன்பு சிசேரியன் செய்த தழும்பு, மிக அரிதாக வயிற்றறை ஆகிய இடங்களிலும் கரு தங்குவதுண்டு.

இது அரிய நோய் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் நூறு கருத்தரிப்புகளில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு அமைகின்றன. ஆண்டுக்கு இருநூறு குழந்தைகள் திருமுழுக்குப் பெறும் பெரிய பங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பங்கின் இரண்டு மூன்று குடும்பங்களிலாவது ஒவ்வோர் ஆண்டும் இது நேர்ந்திருக்கும். ஆனால் திருமுழுக்குப் பதிவேட்டில் அவை இடம் பெறுவதில்லை. இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. மருத்துவ வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே, 2011 முதல் 2013 வரையான ஆண்டுகளில் பேறுகாலம் தொடர்பாக நிகழ்ந்த இறப்புகளில் 2.7 விழுக்காடு, இடம் தவறிய கரு வெடித்ததால் நேர்ந்தவை. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எட்டாத ஊர்களில் நிலைமை எவ்வாறு இருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

யாருக்கு இந்த ஆபத்து மிகுதி என்ற கேள்விக்கு மருத்துவம் விடை வைத்திருக்கிறது. அந்த விடையைத்தான் நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது என் கருத்து. முன்பு ஒருமுறை இவ்வாறு நேர்ந்த பெண்ணுக்கு மீண்டும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. இருமுறை நேர்ந்திருந்தால் நான்கில் ஒன்று. கருக்குழாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இடுப்பறை உறுப்புகளில் தொற்று ஏற்பட்டுக் குழாயில் தழும்பு விழுந்தவர்கள், புகைபிடிக்கும் பழக்கமுள்ள பெண்கள், முப்பத்தைந்து வயதைக் கடந்து கருவுறுவோர், செயற்கைக் கருத்தரிப்பை நாடியவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். சோதனைக்குழாய் முறையில் கருவுற்றதாக மருத்துவ உலகிற்கு முதன்முதலில் 1976ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கருத்தரிப்புகளுள் ஒன்று, கருக்குழாயில் தங்கியது என்பதை அதிகம் பேர் அறியார். கருவைக் கருப்பைக்குள்ளேயே வைத்தாலும் அது நகர்ந்து சென்று குழாயில் பதியக்கூடும்.

நம் நாட்டில் இன்னொரு காரணத்தையும் மறக்கலாகாது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளை அது தாக்கும்போது, பெரும்பாலும் முதலில் சிதைவுறுவது கருக்குழாய்தான். இருமலோ சளியோ இல்லாமல், நோய் இருப்பதே தெரியாமல், பல ஆண்டுகள் கழித்து மலட்டுத்தன்மையாகவோ இடம் தவறிய கருவாகவோ அது தன்னை வெளிப்படுத்தும். கிளமிடியா போன்ற தொற்றுகளும் பெண்ணிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. திருமணத்திற்கு அப்பால் வேறு உறவறியாத மனைவிக்கு இத்தொற்று எங்கிருந்து வந்திருக்கும்? கணவன் வெளியே தேடியதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். தழும்பு விழுந்தது மனைவியின் உடலில். அதன் பின்னும் ‘இவளுக்கு ஏன் இப்படி?’ என்று மாமியார் வீட்டில் கேட்கப்படுவது அவளைத்தான். இப்படிப்பட்ட இடத்தில் ‘யார் செய்த பாவம்?’ என்று வினவுவோர், அதன் விடையைக் கேட்கத் துணிவார்களா என்று எனக்கு ஐயம் உண்டு.

கத்தோலிக்க இல்லங்களில் வெளிப்படையாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் என்பதை 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அவர்களுள் நம் மக்களும் இருக்கிறார்கள். திருச்சபை இதை ஏற்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அறுவை செய்துகொண்ட கத்தோலிக்கப் பெண்கள் பலர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மருத்துவ உண்மை இதுதான்: அந்த அறுவைக்குப் பின் கருவுறுதல் அரிது, ஆனால் தப்பித்தவறிக் கருவுற்றால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997இல் வெளிவந்த ஆய்வில், அறுவைக்குப் பின் நேர்ந்த கருத்தரிப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் தவறியவையாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்தும் இது நேர்ந்தது. காப்பர் டி அணிந்தவர்கள் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. அது கருத்தரிப்பையே குறைப்பதால் மொத்தத்தில் ஆபத்தும் குறைவு. ஆனால் அதையும் மீறிக் கருவுற்றால் அக்கரு எங்கே இருக்கிறது என்று உடனே பார்த்தாக வேண்டும்.

‘எனக்குத்தான் அறுவை செய்தாயிற்றே, கர்ப்பமாக இருக்க வழியில்லை’ என்ற நம்பிக்கையில் வயிற்றுவலியைச் சூட்டுவலி என்று எண்ணிச் சீரகக் கஷாயம் குடித்துப் படுத்துவிடும் பெண்ணுக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். மாதவிலக்குத் தள்ளிப்போதல், அடிவயிற்றின் ஒரு புறத்தில் வலி, சிறிதளவு இரத்தப்போக்கு, தோள்பட்டையின் நுனியில் காரணமில்லாத வலி, மயக்கம் ஆகியவை தோன்றினால் நேரம் கடத்தலாகாது. தோளில் வலி ஏன் என்று வியக்க வேண்டாம். வயிற்றினுள் கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, நரம்பின் வழியாக அவ்வலி தோளில் உணரப்படுகிறது. அவளை மறுத்துப் பேசவோ, அவளது பழைய முடிவை நினைவூட்டவோ அது நேரமன்று. குற்றமும் மன்னிப்பும் ஒப்புரவு அருளடையாளத்தில் பேசப்பட வேண்டியவை. அவற்றை மருத்துவமனையின் வாசலில் பேசுவது, சீலோவாம் கோபுரத்தின் இடிபாட்டுக்குள் கிடப்பவரிடம் ஞானோபதேசம் கேட்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் சொன்ன பின் மற்றோர் உண்மையைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். இடம் தவறிய கருவால் துன்புற்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மேலே சொன்ன காரணங்களில் ஒன்றுகூட இருப்பதில்லை. தொற்று இல்லை, அறுவை இல்லை, புகை இல்லை, வயதும் இல்லை. ஆபத்துக் காரணி என்பது ஆயிரம் பெண்களைக் கூட்டமாக வைத்துப் பார்க்கும்போது தெரியும் கணக்கு. ஒரு பெண்ணின் கட்டிலருகே நின்று, ‘இதனால்தான் உனக்கு இது வந்தது’ என்று கூற அக்கணக்குக்குப் பெரும்பாலும் தகுதியில்லை. குற்றத்திற்கோ அறிவும் விருப்பமும் தேவை. தழும்புபட்ட குழாய்க்கு அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை.

அறநெறி சார்ந்த இன்னொரு கேள்வியும் நம் மக்களைக் குழப்புகிறது. திருச்சபை கருக்கலைப்பை எதிர்க்கிறது. அப்படியானால் குழாயில் கரு தங்கிய தாய் சாகத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. 1876இல் அமெரிக்க மருத்துவர் பாரி என்பவர், ஐந்நூறு நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, அவற்றில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் இறந்திருந்ததைக் கண்டார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெயிட் என்ற அறுவை மருத்துவர், 1881இல் இத்தகைய பெண் ஒருத்திக்கு அறுவை செய்யத் தயங்கினார், அவள் இறந்தாள். பிணப் பரிசோதனையில், கிழிந்த குழாயைக் கட்டியிருந்தாலே அவள் பிழைத்திருப்பாள் என்று தெரிந்தது. 1883இல் அவர் துணிந்து அறுவை செய்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் அறுவை செய்த நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களுள் இருவரைத் தவிர அனைவரும் உயிர் பிழைத்தனர்.

மருத்துவம் இவ்வாறு வழி கண்டதும், ஆயர்களும் இறையியல் பேராசிரியர்களும் உரோமைக்குக் கேள்விகள் அனுப்பத் தொடங்கினர். அந்நாளில் விசுவாசக் கோட்பாட்டைக் காத்த திரு அலுவலகம், 1898இல் ஒரு விடையும் 1902இல் மற்றொரு விடையும் தந்தது. குழந்தை வெளியே உயிர்வாழக்கூடிய காலத்திற்கு முன், அதாவது ஆறு மாதம் நிறைவதற்கு முன், அதை எடுப்பது தகாது என்பது 1902ஆம் ஆண்டு விடையின் சாரம். அந்த விடையைக் கடுமையானது என்று இன்று படிப்போர் கருதலாம். ஆனால் அது காக்க முயன்ற கொள்கை சிறியதன்று: ஒரு குற்றமற்ற உயிரை அழிப்பதை நோக்கமாகக் கொண்டு எச்செயலும் செய்யலாகாது.

தாய் இறக்கட்டும் என்று அத்துடன் கைவிட்டுவிடவில்லை திருச்சபையின் சிந்தனையாளர்கள். 1933இல் இயேசு சபைக் குரு லிங்கன் பூஸ்கேரன் இப்பொருளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கரு பதிந்த குழாய் அதன் தசையிலும் குருதி நாளங்களிலும் அரிக்கப்பட்டு, வெடிப்பதற்கு முன்பே நோயுற்ற உறுப்பாகிவிடுகிறது. அந்த உறுப்பை அகற்றுவது தாயின் உடலுக்குச் செய்யும் சிகிச்சை. கருவின் இறப்பு முன்கூட்டியே அறியப்பட்டாலும், அது விரும்பப்படுவதுமில்லை, தாயைக் காக்கும் கருவியாகப் பயன்படுத்தப்படுவதுமில்லை என்று அவர் வாதிட்டார். இதன் வேர் புனித தோமா அக்குவினாவிடம் உள்ளது. தற்காப்புக்காகச் செய்யும் ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம். ஒன்று நாம் நாடுவது, மற்றொன்று நாம் நாடாதது என்று அவர் கற்பித்தார். பிற்காலத்தார் அதை இரட்டை விளைவுக் கோட்பாடு என்று வகுத்தனர். புற்றுநோய் கண்ட கருப்பையை அகற்றும்போது உள்ளிருக்கும் சிசுவும் இறக்க நேரிடுவதற்கும் இதே நியாயம் பொருந்தும். குழாயை அகற்றும் அறுவை கத்தோலிக்க அறநெறிக்கு ஏற்புடையது என்பதில் இன்று அறநெறி வல்லுநர்களிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு எழுவது வேறு இரு முறைகளைப் பற்றியே. குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயை விட்டுவிடுவது ஒன்று. மெத்தோட்ரெக்சேட் என்னும் ஊசிமருந்தால், வேகமாகப் பெருகும் செல்களின் வளர்ச்சியை நிறுத்துவது மற்றொன்று. இவை கருவின்மீதே நேரடியாகச் செயல்படுவதால் தகா என்பர் ஒரு சாரார். குழாயை அரிக்கும் நஞ்சுக்கொடித் திசுவே இவற்றின் இலக்கு, கரு அன்று என்பர் மறு சாரார். திருச்சபையின் ஆசிரியம் இம்முறைகளைப் பெயர் சுட்டித் தனித்தனியே தீர்ப்பிடவில்லை. நேரடியான கருக்கலைப்பாக அமையும் எதுவும் கருப்பைக்கு வெளியே தங்கிய கருவின் நிகழ்விலும் தகாது என்ற பொதுநெறியை அமெரிக்க ஆயர்கள் 1994இல் வெளியிட்டனர். எந்த முறை அத்தகையது என்று அவர்களும் பட்டியலிடவில்லை. என் எளிய கருத்தில் முதல் சாராரின் வாதமே வலுவுடையது. ஆயினும் குழாயைக் காப்பாற்றினால்தான் மறுபடி தாயாகலாம் என்ற அச்சமே பலரைப் பிற முறைகளை நாடச் செய்வதால், 2014இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றின் முடிவை இங்கே குறிப்பிட வேண்டும். மற்றக் குழாய் நலமாக உள்ள பெண்களில், குழாயைக் கீறிக் காத்தவர்களுள் 60.7 விழுக்காட்டினரும், குழாயையே அகற்றியவர்களுள் 56.2 விழுக்காட்டினரும் பின்னர் இயல்பாகக் கருவுற்றனர். அந்த வேறுபாடு, தற்செயலாகவும் அமையக்கூடிய அளவினதே. ஆகவே ஒரு குழாயை இழந்த பெண் தாய்மையை இழந்தவளல்லள்.

நள்ளிரவில் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டு, மருத்துவர் சரியென்று கண்ட சிகிச்சையைப் பெற்ற பெண்ணிடம், ‘நீ கருக்கலைப்புச் செய்தாய்’ என்று பின்னர் யாரேனும் கூறினால், அவர் திருச்சபையின் பெயரால் பேசவில்லை. சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழு இசைவும் வேண்டும் என்று நம் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. வல்லுநர்களே வாதிடும் ஒரு நுட்பத்தை அறுவைக்கூடத்தின் வாயிலில் நிற்கும் கணவன் தீர்த்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநீதி.

புனித ஜான்னா பெரெட்டா மொல்லாவை எடுத்துக்காட்டி இத்தகைய தாய்மாரைச் சங்கடப்படுத்துவோரும் உண்டு. இத்தாலிய மருத்துவரான அந்தத் தாய், 1961இல் தம் நான்காம் குழந்தையைக் கருவுற்றிருந்தபோது கருப்பையில் ஒரு கட்டி கண்டறியப்பட்டது. கருப்பையையே அகற்றினால் குழந்தை இறக்கும் என்பதால் கட்டியை மட்டும் அகற்றும்படி கேட்டுக்கொண்டார். 1962 ஏப்ரல் 21 அன்று மகள் பிறந்தாள். ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 28 அன்று தாய் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய தியாகத்தால் ஒரு குழந்தை பிழைத்தது. குழாயில் தங்கிய கருவின் நிலை வேறு. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வழியில் அது வளர இடமில்லை. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் குழாய் வெடிக்கும், அல்லது கரு தானே மடிந்து கரையும். அதை எடுத்துக் கருப்பையில் நட்டுவைக்க இன்றைய மருத்துவத்தால் இயலாது. தாய் தன்னுயிரைத் தந்தாலும் குழந்தைக்கு அது பயன்படாது. இரண்டு உயிர்கள் போகும், அவ்வளவுதான். பயனற்ற சாவைப் புனிதரின் பெயரால் ஒருத்தியிடம் கோருவது, அப்புனிதருக்கே இழைக்கும் அவமதிப்பு என்பேன்.

இத்தனைக்கும் பின் எஞ்சுவது துயரம். உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல் என்று உறவினர் ஆறுதல் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் அவள் அழக்கூடாது என்பதாகாது. கருவுற்ற நொடி முதல் அது ஒரு மனித உயிர் என்று நாம் கற்பிக்கிறோம். கற்பித்துவிட்டு, அந்த உயிர் போனதும் மருத்துவமனைக் கழிவோடு அதையும் மறந்துவிடு என்று சொல்வது முரண்பாடு. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அக்குழந்தைகள் மீட்புப் பெறுவர் என்று நம்புவதற்கு வலுவான அடிப்படை உண்டு என்று பன்னாட்டு இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம் விளக்கியது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து, அதற்கு முன் இறந்த குழந்தைக்கு அடக்கச் சடங்கு நடத்தத் தலத்திருச்சபை ஆயர் அனுமதி அளிக்கலாம் என்று திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் எண் கூறுகிறது. நம் பங்குகளில் எத்தனை பெற்றோர் இதை அறிந்திருக்கிறார்கள்?

நவம்பர் 2ஆம் நாள் மாலையில் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுதிரி ஒளியில் மிதக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைச் சுத்தம் செய்து, பூவைத்து, பெயர் எழுதிய பலகையின் முன் நிற்கிறது. குழாயில் தங்கி மறைந்த குழந்தைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, மண்ணும் இல்லை. கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில், பிறவாமல் இறந்த குழந்தைகளுக்கென ஓரிடத்தைப் பங்குத்தந்தை ஒதுக்கித் தந்தால், அந்தத் தாயும் அன்று ஒரு மெழுகுதிரி வாங்கி வருவாள்.